மீன் தொட்டியும் இரண்டு சிட்டிகைத் தீனியும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயரும் லென்ஸ்தான். கண்ணாடி என்று எதைப் பார்த்தாலும், அதில் ஒரு தூசி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் வீட்டு மீன் தொட்டியில் பாசி பிடித்தது. மனுஷன் பாதி ஆளாகிவிட்டார்.

தொட்டி மகளுடையது. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே தடுப்பு மாதிரி நிற்கும். மகள் தன் விருப்பப்படி ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளக் கிளம்பினாள். இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று லென்ஸ் சொல்லிவிட்டார். அவர் மனைவியோ நேரே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது போல அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. "கேஸ் தீந்துபோச்சு" என்று அவள் சுவரிடம் சொல்வாள். "நாளைக்கு வரும்" என்று அவர் டிவியிடம் சொல்வார். குடித்தனம் அப்படியே ஓடியது.

மகளே வேண்டாம் என்றவர் மகளின் மீன்களை மட்டும் ஏன் கைவிடவில்லை? யாராவது கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பார். தினமும் கடைக்குப் போகுமுன் ஒரு சிட்டிகை தீனி போடுவார். விடுமுறை நாளில் பிளாஸ்டிக் அட்டையால் பாசியைச் சுரண்டுவார், கால்வாசித் தண்ணீரை மாற்றுவார். விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தார். வெயில் படாமல் ஜன்னலுக்குத் திரை போட்டார். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டார். நத்தைகள் கொழுத்தன, பாசியும் கொழுத்தது. வாரம் பாதி போவதற்குள் தொட்டியின் இரண்டு பக்கமும் பச்சை ஏறிவிடும்.

மீன் கடைக்காரரிடம் போய் முறையிட்டார்.

"தீனி யாரு சார் போடறாங்க?"

"நான்தான். காலையில ஒரு சிட்டிகை."

"வேற யாரும் போடலையே? நல்லா விசாரிச்சுப் பாருங்க. மீன் தின்னது போக மிச்சம் அழுகினா, பாசிக்கு அதுதான் உரம். அப்புறம் நீங்க எவ்வளவு தேய்ச்சும் பிரயோஜனமில்ல."

வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் மனைவி ஒருத்திதான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விஷயம். ஆனால் லென்ஸின் வீம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினார். மறுநாள் தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பினார். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி பின்கதவு வழியாக நுழைந்து, விளக்குப் போடாமல் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தார். நடுவில் பாசி அடைத்துக்கொண்டிருந்ததால் கூடத்திலிருந்து அவர் தெரியவில்லை. அவருக்கும் கூடம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"இரும்மா, தீனி போட்டாத்தான் மீனு முன்னாடி வரும்." மனைவி டப்பாவைத் திறக்கிற சத்தம். "இதோ வந்துடுச்சு பாரு."

"ஒண்ணுமே தெரியலம்மா. ஒரே பச்சை." வீடியோ காலில் மகளின் குரல். "அப்பா சுத்தமே பண்றதில்லையா?"

"யாரு, அவரா? லீவு நாள் பூரா இதைத்தான் கட்டிக்கிட்டு அழறாரு. முதுகு வலிக்கும், வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. நான்தான் தைலத்தை எடுத்து அவர் கண்ணுல படற மாதிரி வைக்கிறேன்."

"என்னைப் பத்தி ஏதாவது பேசுவாராம்மா?"

"முதல்ல என்கிட்ட பேசணுமே அவரு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிப்போனது.

லென்ஸுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பொறாமை. அதற்கப்புறம் மகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எழுந்து சுற்றிக்கொண்டு போனால் போதும், நாலு எட்டுதான். போகவில்லை. வந்த வழியே நழுவிவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் தீனி போடுவதை நிறுத்தினார். மனைவி போடும் மாலைத் தீனியில் கை வைக்கவில்லை. அதையும் நிறுத்தினால் மீன் எதற்கு முன்னால் வரப்போகிறது? தொட்டியின் இரண்டு பக்கமும் சுரண்டினார், அடியில் தேங்கிய அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். காலையில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். "சாயங்காலம் கிடைக்கும், போங்க" என்பார். சில வாரங்களில் பாசி அடங்கியது. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் கூடத்துக் காலண்டரில் தேதிகூடத் தெரிந்தது.

இங்கிருந்து அங்கே தெரிந்தால் அங்கிருந்து இங்கேயும் தெரியும். அது லென்ஸுக்குத் தெரியாததா? கடையில் மறுபடியும் தலைவலி என்றார். அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை விளக்கைப் போட்டுக்கொண்டார்.

மனைவி கூடத்துக்கு வந்து போனைத் தொட்டிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். அவள் கவனமெல்லாம் தீனி டப்பாவில் இருந்தது.

"அய்யோ, எவ்வளவு பளிச்சுனு இருக்கு!" என்றாள் மகள். "அம்மா, பின்னாடி உட்காந்திருக்கிறது அப்பாவா?"

லென்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். சின்னத் திரையில் மகள் இளைத்துப்போயிருந்தாள். சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"கண்ணைச் சுருக்கிப் பாக்கறியே," என்றார். "கண்ணாடிப் பவர் ஏறியிருக்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பாத்து மாத்தித் தர்றேன்." தொட்டியில் இல்லாத தூசி ஒன்றை விரலால் துடைத்தார். "மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. நான் இன்னும் அவர் முகத்தைக்கூடப் பாத்ததில்ல."

மகள் தலையை ஆட்டினாள். மனைவி தொட்டிக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, விரலில் ஒரு சிட்டிகை தீனி இருந்தது.

"மீனுக்கு நீங்க போட்டுட்டீங்களா, நான் போடட்டுமா?"

"நீயே போடு," என்றார் லென்ஸ். "நான் நிறுத்தி ரொம்ப நாளாச்சு."