என் மாதிரி ஆள் போதுமாம்

இன்று காலை, இட்லிப் பொட்டலத்தோடு திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டில் காலியில்லை என்று நேற்றிலிருந்து நைனாவை வராண்டாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

போன் அடித்தது. ஒரு பெண். முதலில் தெலுங்கு, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். அரசு ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கருத்துக் கணிப்பாம்.

என் கருத்தை யாரும் கேட்டதே கிடையாது. கேட்டதுதான் கேட்டார்கள், இன்றைக்கா! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வயது, ஊர், படிப்பு, சாதி என்று வரிசையாகக் கேட்டாள். சொன்னேன். கீபோர்டு தட்டும் சத்தம்.

"சாரி சார். உங்க ஏரியாவுல, உங்க வயசு ஆம்பளைங்க கோட்டா ஃபுல் ஆயிடுச்சி."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேம்மா. எங்க நைனா தரையில படுத்துக்கினு கீறாரு."

"உங்கள மாதிரி இருக்கறவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்க சார். தேங்க்யூ."

வைத்துவிட்டாள்.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "இன்னாவாம்பா?" என்றார்.

"எடமில்லையாம்மா."

"இன்னும் ஆஸ்பத்திரிக்கே போய் சேரல, அதுக்குள்ளயா?"

எனக்கும் சேர்த்துப் பதில் சொன்ன அந்தப் புண்ணியவான் இங்கே இருந்தால் கமெண்டில் வரவும். 'பரவாயில்லை' என்று சொல்லித் தொலைக்கவில்லையே?