கேம் கடை ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்த செய்தியை அவருடைய மகள் ஜெனிதா கனடாவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். பக்கத்துத் தெருச் சாவு எனக்குக் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. "டீச்சர், அம்மா போயிட்டாங்க. எனக்கு டிக்கெட் கெடைக்கல. நீங்க கொஞ்சம் போய் நில்லுங்க" என்றாள். போய் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதற்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் அவர் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் ஆடிய நீங்கள் இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் தலை நரைக்கத் தொடங்கியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குவைத்தில் வேலை பார்த்த அவர் கணவர் ஒருமுறை லீவில் வந்தபோது கலர் டிவியும், கேசட் போட்டு ஆடும் கேம் பெட்டியும் கொண்டுவந்தார். திரும்பிப் போனவர் மறுபடி வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் என்று உறுதியானதும் ஸ்டெல்லா அந்தப் பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து, மணிக்கு இவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். "அவரு போட வேண்டிய சோத்தை இந்தப் பொட்டி போடுது டீச்சர்" என்பார். ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். பள்ளி நேரத்தில் யூனிபாரத்தோடு வருகிறவனுக்கு இடமில்லை.

என் மகன் பாலுவை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஆறாம் வகுப்பு. நான் வேறு ஊர்ப் பள்ளிக்குக் காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாயில் புதுத் தண்ணீர் கரை தொட்டு ஓடிய வாரம் அது. அன்று அவன் பள்ளிக்குத் தாமதமாகப் போனான். கேட்டைச் சாத்திவிட்டார்கள். பிறகு அவனைக் கேம் கடை வாசலில் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கால்வாய் மதகில்தான் எடுத்தார்கள்.

பள்ளியைக் கட் அடித்துவிட்டு கேம் ஆடப் போன பிள்ளை செத்தான் என்று ஊர் பேசியது. என் தம்பியும் இன்னும் சிலரும் போய் அந்த டிவியை ரோட்டில் போட்டு உடைத்தார்கள். ஸ்டெல்லா குழந்தை ஜெனிதாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாராம். வாயே திறக்கவில்லையாம்.

காரியம் முடிந்தபின் நான் அவர் வீட்டுக்குப் போனேன். "கடைசியா அவன் என்ன ஆடுனான்? அதை எனக்குக் காட்டுங்க" என்றேன்.

"ஆடல டீச்சர்" என்றார். "வாசல்லயே நிறுத்திட்டேன். கேட்டைச் சாத்திட்டாங்கக்கான்னு சொன்னான். ஸ்கூல் நேரத்துல இங்க என்ன வேலைன்னு சத்தம் போட்டு அனுப்பிட்டேன். உள்ள விட்டிருந்தா புள்ள இருந்திருப்பான்."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா டிவியை ஒடைச்சிருக்க மாட்டாங்களே?"

"சொன்னா எல்லாரும் நான் செஞ்சது சரின்னுல்ல சொல்லியிருப்பாங்க. அதை என்னால கேக்க முடியாது."

எழுந்து வந்துவிட்டேன். பல மாதங்கள் அந்தத் தெரு வழியாக நடக்கவில்லை. ஒருநாள் பள்ளி மீது கோபம் வரும், ஒருநாள் தண்ணீர் மீது, மறுநாள் மறுபடியும் ஸ்டெல்லா மீது.

பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்றை வாங்கி அவர் மறுபடி கடை திறந்தார். இப்போது யூனிபாரத்தோடு வருகிறவர்களையும் உள்ளே விடுகிறார் என்று கேள்விப்பட்டதும் சண்டை போடவே போனேன். ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்குள், டீக்கடைக்காரர் அந்தப் பையனின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரரை அனுப்பியது ஸ்டெல்லா. "வந்தவனைத் தொரத்தக் கூடாது டீச்சர். உக்கார வச்சுட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பணும்" என்றார். பின்னால் நான் தலைமையாசிரியையானபோது, தாமதமாக வரும் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். யார் சொன்ன பாடம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அவ்வப்போது அவர் வீட்டில் போய் உட்காருவேன். நட்பு என்று சொல்ல மாட்டேன். அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை, அவருக்கும் இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது, கடை நின்றது. ஜெனிதா படித்துக் கனடா போனாள். போன வருஷம் ஸ்டெல்லாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. அம்மா படுக்கையிலேயே கிடக்கிறாரே என்று மகள் ஒரு சின்னப் பெட்டி அனுப்பினாள். அந்தக் காலத்துக் கேம்களையெல்லாம் உள்ளேயே போட்டுப் புதிதாக விற்கிறார்களாம். டிவியில் மாட்டியதும் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "அப்ப இவ்வளவு பளிச்சுன்னு இருக்காது. நெறமெல்லாம் வழியும்" என்றார் ஸ்டெல்லா. செத்துப்போன இடத்திலிருந்தே மறுபடி ஆடலாம் என்று இதில் ஒரு வசதியும் இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. தோற்றால் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருநாள் ஏரோப்ளேன் கேம் ஒன்றைப் போட்டுவிட்டு நிறுத்தினார். வலியால் முகம் வேர்த்திருந்தது. "டீச்சர், ஒண்ணு சொல்லாமயே வச்சிருக்கேன். சொன்னா தாங்க மாட்டீங்கன்னு பயம். இப்ப சொல்லாட்டி யார் சொல்லுவா?" என்றார்.

"சொல்லுங்க."

"அன்னிக்கு பாலு அழல. நான் சத்தம் போட்டதும் சிரிச்சான். சாயங்காலம் வரேன்க்கா, இந்த ஏரோப்ளேன் கேசட்டை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான். நானும் குடுக்கல டீச்சர். கேட்டவனுக்கெல்லாம் இல்லன்னுட்டு, எடுத்து வச்சிருந்தேன்."

ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தார். எனக்கு ஆடத் தெரியவில்லை. கண்ணும் தெரியவில்லை. விமானம் உடனே விழுந்துவிட்டது.

இத்தனை வருஷங்களாக பள்ளியில் கேட்டைச் சாத்த, கடையிலும் விரட்ட, என் பிள்ளை அழுதுகொண்டே தண்ணீருக்குப் போனான் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படித்தான் அவன் கனவிலும் வருவான். அவன் சிரித்துக்கொண்டு போனான். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பு.