சாம்பிராணி ஏறிய பச்சை

ஈரச் சாயத்தின் காரநெடியும் பூசையறைச் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம்... நண்பர்களே, குடியரசு நாள் வரும்போதெல்லாம் அது என் மூக்கில் ஏறிவிடுகிறது.

ஆட்டையாம்பட்டியில் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் அடுத்தடுத்த தறிப்பட்டறைகள். இராணுவச் சீருடைத் துணிக்கு அரசு டெண்டர் கோரியபோது இருவருமே முன்வந்தோம். ஆளுக்கொரு மாதிரித் துணி தந்தார்கள். கரும்பச்சை நிறம், ஓரத்தில் அரக்கு முத்திரை. அந்த நிறத்திற்கு இம்மியும் பிசகாமல் நெய்து காட்டுபவருக்கே ஆர்டர்.

மச்சான் தம் மாதிரியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நானோ பூசையறையில், இறைவன் திருவடியில் வைத்தேன். நாள்தோறும் பதிகம் ஓதி, அதற்கும் சேர்த்தே சாம்பிராணி காட்டினேன். எல்லைக் காவலர் மேனியில் என் தறித் துணி... அதைவிட வேறு பேறு உண்டா?

நெய்த துணியைச் சோதிக்க இராணுவத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். முற்றத்து வெயிலில் என் துணியை விரித்து, தம் பையிலிருந்த மாதிரியை அருகில் வைத்தார். என்னுடையது பழுப்புத் தட்டியிருந்தது.

பதறிப்போய் என் மாதிரியை எடுத்து வந்தேன். என் துணி அதனோடு அச்சாகப் பொருந்தியது! ஆய்வாளர் அதை முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, கோயில்லயா வெச்சிருந்தீங்க?"

புகை ஏறி மாதிரியே நிறம் மாறியிருந்தது. மாறிய நிறத்துக்கு நான் சாயம் போட்டிருக்கிறேன்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற மச்சான் சிரித்தார்.

"எம் மாப்பிள்ளை சாமிக்கே யூனிபார்ம் தெச்சுட்டாருங்க சார்!"

ஆர்டர் அவருக்குப் போயிற்று. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவே சோம்பும் மனிதருக்கு! என் தறிகளில் தோளில் போடும் துண்டுதான் ஓடியது.

அதன்பின் ஒவ்வொரு குடியரசு நாளிலும் தொலைக்காட்சி முன்னிருந்து என் மனைவியின் குரல்...

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க... எங்கண்ணன் துணி எப்படி நடந்து போவுதுன்னு!"

நான் பூசையறைக்குள் நுழைந்துகொள்வேன். அழுக்காறு ஆகாது என்று இளமை முதல் ஓதி வருபவன்தான். ஆயினும் இறைவனிடம் நான் கேட்டது ஒன்றே. பூட்டி வைத்தவருக்குக் கொடுத்தாய்... பூசித்தவனுக்கு ஏன் இல்லை?

இன்று சீருடையே வேறு. இலை நிழல்போலப் புள்ளி புள்ளியாய் அச்சிட்ட புதுத் துணி. ஆர்டரும் எங்கோ ஒரு பெரிய ஆலைக்குப் போய்விட்டது. மச்சான் தறியிலும் இப்போது துண்டுதான்.

இவ்வாண்டு அவர் எங்கள் வீட்டில் அமர்ந்து அணிவகுப்பைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் படை நடந்தது. என் மனைவி காபி கலக்க எழுந்து போனாள்.

"ஒன்னுகூட நம்ம துணி இல்லீங்க மாப்பிள்ளை..." என்றார். குரல் கம்மியிருந்தது.

நான் மகிழ்ந்திருக்க வேண்டிய வேளை. முடியவில்லை.

அத்தனை பேர் நடுவில் காணோமே என்று தேட அவருக்கு ஒரு நிறம் இருக்கிறது. எனக்குத் தேடவும் ஒன்றில்லை...

அந்தக் கம்மிய குரலின்மீதும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.