அடுப்பில் வெடிக்காத சட்டி

மண்சட்டி விற்கிறவனுக்கு மலையளவு பொறுமை வேண்டும். எனக்கோ கடுகளவும் கிடையாது. பல்பு, கண்ணாடி, பீங்கான் என்று உடைகிற சாமான் விற்று வயிறெரிந்த அன்பர்களே, நான் பட்ட பாட்டை நீங்களாவது கேளுங்கள்.

பம்ப் ஸ்டவ் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். கோயமுத்தூர் உக்கடம் பக்கம் ஒரு சட்டிக் கடையில் வேலைக்கு இருந்தேன். எங்கள் சட்டி நேரடித் தீயைத் தாங்கும். ஆனால் முதலில் பழக்க வேண்டும்: ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி இளந்தீயில் கொதிக்கவிட வேண்டும். இதை வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொல்வேன். முதலாளியோ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் பலகை மாட்டிவிட்டார்: ‘அடுப்பில் வெடிக்காது. வெடித்தால் வேறு சட்டி இலவசம்.’ அன்றைக்குப் பிடித்தது சனியன்.

தட்டிப் பார்த்தவர்

சட்டி வாங்குகிறவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்றால் நல்ல சட்டி, ‘பொத்’ என்றால் கீறல். மில் ஃபிட்டர் ஒருவர் வந்தார். பைக்குள் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தார், ஓங்கி ஒரு தட்டு. சட்டி இரண்டாகப் போயிற்று. “என்னங்க அநியாயம் இது!” என்று கத்தினேன். அவர் நிதானமாகப் பலகையைப் பார்த்தார்.

“ஏனுங்க, ஒரு தட்டுக்கே தாங்காதது அடுப்புல எப்படீங்க தாங்கும்?”

நுரைத்த குழம்பு

டீச்சரம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன்குழம்பு வைத்திருக்கிறார். குழம்பு நுரை தள்ளியதாம். திங்கட்கிழமை சட்டியோடு வந்துவிட்டார். பழக்கியதெல்லாம் சரிதான். அப்புறம் சுத்தமாக இருக்கட்டும் என்று துணி துவைக்கிற பார் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்! மண்சட்டி சோப்பைக் குடிக்காமல் என்ன செய்யும்? தேங்காய் நாரும் சாம்பலும் போதாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளி அவருக்கு வேறு சட்டி கொடுத்துவிட்டு என்னை முறைத்தார்.

“மீனுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுனயான்னு எங்க ஊட்டுக்காரரு கேக்கறாருங்க!”

கிணற்றில் ஊறிய சட்டி

பல்லடத்து விவசாயி ஒருவர் துண்டில் உடைந்த சட்டியின் ஓடுகளைக் கட்டிக்கொண்டு வந்தார். சட்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஊறவைத்திருக்கிறார். விடியற்காலையில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தபோது இறைக்கிற சால் போய் அதன் மேல் மோதிவிட்டது. “கெணத்துலயா ஊறப்போடுவாங்க?” என்றேன்.

“தண்ணியிலன்னுதானுங்க சொன்னீங்க. எங்கூர்ல மைல் கணக்கா நடந்து கொண்டார குடிதண்ணிக் கொடத்துல கைய வெச்சா ஊட்டுல தொலைச்சுப்போடுவாங்க!”

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்னொரு உடைந்த சட்டி திரும்பி வந்தால் மறுநாளிலிருந்து நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூரில் உத்தியோகம் என்று மாமனார் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

முதலாளி வீட்டு வெந்நீர்

அந்த வாரமே வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. முதலாளியம்மா இறங்கினார். கையில் கூடை, கூடைக்குள் உடைந்த சட்டி. போச்சு, என் பிழைப்பு போச்சு! “யாருங்கம்மா ஒடைச்சது?” என்று கேட்டேன். அவர் கல்லாவில் இருந்த முதலாளியைக் காட்டினார்.

“இவருதானுங்க. வெந்நி வெக்கறேன்னு வெறுஞ்சட்டிய ஸ்டவ்வுல வெச்சுப்போட்டுப் பேப்பர் படிச்சுட்டு உக்கோந்திருந்தாரு. நல்லாக் காஞ்சப்பறம் ஒரு சொம்பு பச்சத்தண்ணிய ஊத்துனாரு. டொப்புன்னு போயிருச்சு.”

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார், தொண்டையைக் கனைத்தார். “காஞ்ச சட்டியில பச்சத்தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எங்கிட்ட ஒருக்காவாச்சும் சொன்னீங்களா தம்பி?” என்றார் என்னைப் பார்த்து. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா முந்திக்கொண்டார்.

“சட்டிக் கடைக்காரருக்கே சட்டியப் பத்திச் சொல்லித்தரோணுமா? அந்தப் பலகையக் கழட்டிப்போட்டு அங்க உங்களையத் தொங்கவுடோணுமுங்க!”

அன்று சாயங்காலம் கழற்றிய பலகையைப் பிளந்து விறகாக்கி, முதலாளி வீட்டுக்கு ஒரு புதுச் சட்டியை ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் அந்த விறகிலேயே நானே பழக்கிக் கொடுத்து, என் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.