அக்காவின் பச்சை ஸ்டூல்

அந்த ஸ்டூலின் ஒரு கால் மற்ற மூன்றையும் விடக் கொஞ்சம் குட்டை. குட்டைக் காலுக்கு அடியில் சேலைப் பெட்டியின் அட்டையை நாலாக மடித்து வைத்து, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தார் அக்கா. பச்சைப் பெயின்ட் பாதி உரிந்து, முழங்கால் உயரத்தில் இருக்கும். மாடியில் தையல் அறையில் கழித்துப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கிவந்து, சேலைப் பகுதி மேசைக்குக் கீழே, வாடிக்கையாளர் கண்ணில் படாத மூலையில் தள்ளி வைத்திருந்தார். கண்டி நகரத்தில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன அந்தத் துணிக்கடையில், பெண்பிள்ளைகள் உட்காருவதற்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். ஒரு நாள் அதையும் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிக்கொண்டு போனவள் நான்.

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி என் முதுகுதான் செய்திருக்கிறது. மூன்று வருஷமாக எனக்கு இடுப்புக்கு மேலே, இடது பக்கத்தில் ஒரு வலி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, உள்ளே படுக்கவைத்து டமடமவென்று சத்தம் போடும் அந்தக் குழாய்க்குள்ளும் போய்வந்தாயிற்று. போன மாதம் பெரிய டாக்டர் என் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, முழுதாக ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல், "எல்லாம் நோர்மல் மிஸ், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எட்டிப் பிடுங்கினால் வலிக்கும் என்ற பயத்தில்தான் பேசாமல் இருந்தேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் படித்துவிட்டு, கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த தைரியத்தில் அந்தக் கடையில் சேர்ந்தேன். காசு மேசையில் பில் போடுவது என் வேலை. சேலைப் பகுதியில் நின்ற பெண்ணை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் மாடியில் பெட்டிகளுக்கு நடுவில். கடையில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். "உக்காந்திருக்கிற பொம்பளகிட்ட யாரு சேல வாங்குவா?" என்பார் முதலாளி. ஏதோ வேதவாக்கு மாதிரி நாங்களும் தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

சேலை விற்பது பார்ப்பதற்கு நோகாத வேலை மாதிரித் தெரியும். ஒரு கல்யாணக் கூட்டம் வந்தால் முப்பது சேலை, நாற்பது சேலை விரிக்கச் சொல்வார்கள். மேல் தட்டில் எட்டி எடுக்க வேண்டும், கீழ்த் தட்டில் குனிந்து எடுக்க வேண்டும். முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். கடைசியில் "பொறகு வாறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனையையும் மடிப்புக் கலையாமல் மடித்துத் திரும்ப அடுக்க வேண்டும். அக்காவின் கை அதில் மின்னல் வேகம். இடுப்பு மட்டும் எப்போது கெட்டுப்போனது என்று அவருக்கே தெரியாது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு மழைக்காலத்தில் வந்தது, போகவில்லை, அவ்வளவுதான்.

அக்கா முகத்தில் சிரிப்பு வந்தால் வலிக்கிறது என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஒரு கையை மேசையில் ஊன்றி, உடம்புப் பாரத்தை வலது காலில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்துப் பளிச்சென்று சிரிப்பார். முதலாளிக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். கூட்டம் போனதும் மேசைக்கு அடியில் இருந்து காலால் ஸ்டூலை இழுத்து, ஐந்து நிமிஷம் உட்காருவார். அப்போது சிரிக்க மாட்டார். அந்த ஐந்து நிமிஷத்துக்காக மற்றப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. நானும் பேசியிருக்கிறேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. கடுகண்ணாவையில் ஒரு வெதமாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், எண்ணெய் போட்டு நீவிவிட்டு, இலையை அரைத்துக் கட்டி அனுப்பினார். அந்த வாசனைக்கு வாடிக்கையாளர் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று முதலாளி கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கடை முஸ்லிம் நானா ஓதித் தந்த தண்ணீரையும் குடித்தார், கோயிலில் கட்டிய கயிற்றையும் போட்டுக்கொண்டார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அவரைக் கொஞ்சம் உட்கார விடுங்கள் என்று முதலாளியிடம் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் முதலாளி ஸ்டூலைக் கண்டுவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. "வருத்தம்னா துண்டு கொண்டா. துண்டு இல்லாத வருத்தம் இந்தக் கடையில கெடையாது" என்றார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் துண்டு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ச்சல் என்றாலும் வயிற்றுப்போக்கு என்றாலும் தோட்டத்து மருந்துக்கடைக்குப் போய் ஒரு துண்டுக் காகிதம் வாங்கி வர வேண்டும். துண்டு இருந்தால் அது நோய். இல்லாவிட்டால் சோம்பேறித்தனம், வேலைக்கு டிமிக்கி. எங்கள் அம்மா துண்டு கிடைக்காமல் காய்ச்சலோடு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு சொல்வதைவிடக் காகிதம் சொல்வதுதான் உண்மை என்று நாங்கள் பால்குடியிலிருந்தே பழகியவர்கள். அதனால் அக்கா, முதலாளி சொன்னதில் தப்பிருப்பதாக நினைக்கவே இல்லை. துண்டு கொண்டுவந்தால் போயிற்று என்றுதான் நினைத்தார்.

சவூதியில் இருந்த அவருடைய சொந்தத் தங்கச்சி காசு அனுப்ப, ஸ்கேன் எடுத்தார். அக்காவைப் பொறுத்தவரை ஸ்கேன் என்பது உலகத்திலேயே பெரிய துண்டு. அவ்வளவு பெரிய மெஷின், அவ்வளவு பெரிய காகித உறை. டாக்டரிடம் காட்டுவதற்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. உறையைப் பிரிக்காமல், கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார். "எல்லாம் இதுல இருக்கு முதலாளி" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது வலிச் சிரிப்பு இல்லை. உண்மையான சந்தோஷம்.

முதலாளி உறையைக் கிழித்து, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடையில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள். நான் வாசித்தேன். பாதிச் சொல் எனக்கு விளங்கவில்லை. கடைசி வரி நன்றாக விளங்கியது. எலும்பிலும் இடைத்தட்டிலும் நரம்பிலும் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று இருந்தது. அதை முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் சத்தமாகச் சொன்னேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது என் கையைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான், இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் என்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பெருமை.

அக்கா என் பக்கத்தில் வந்து, "நல்லா பாரு தங்கச்சி. இன்னொருக்கா வாசிம்மா" என்றார்.

இன்னொரு முறை வாசித்தேன். எழுத்து மாறவா போகிறது?

"அப்ப ஒன்னுமில்ல" என்றார் முதலாளி. பிறகு என்னிடம் திரும்பி, "அந்த ஸ்டூல மேல கொண்டு போய்ப் போட்டுட்டு வா" என்றார். நான் குனிந்து மேசைக்கு அடியில் இருந்து அதை இழுத்தேன். மடித்து வைத்த அட்டை கழன்று தரையில் விழுந்தது. அக்கா அதைக் குனிந்து எடுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. தீபாவளி வியாபாரம் முடியும் வரை நின்றார். தீபாவளிக்கு மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவர் இடத்தில் வேறொரு பிள்ளை நின்றாள்.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கண்டியிலேயே ஒரு கந்தோரில் வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலைதான், கதிரை கொடுத்திருக்கிறார்கள், அதிலும் வலிக்கிறது. ரிப்போர்ட்டைக் காட்டியபோது என் கணவர், "நல்லாத்தானே வந்திருக்கு, ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றார். அந்த மனுஷன் நல்லவர்தான், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கட்டி இருக்கிறது என்று வந்திருந்தால் ஊரே பழத்தோடு பார்க்க வந்திருக்கும். ஒன்றும் இல்லை என்று வந்ததால் தண்ணீர் வாளியைக்கூட நானே தூக்குகிறேன். கந்தோரில் மேலதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், "மெடிக்கல் ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்று. துண்டு என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை. வேறென்ன வித்தியாசம்?

டாக்டர் மீதும் கோபம். மெஷினுக்குத் தெரியாதது ஒன்று இருக்கலாம் என்று சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? எனக்குத் தெரியவில்லை அம்மா, வலிக்கிறது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், பாதி வலி குறைந்திருக்கும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார் ஒருவர். எடையைக் குறைக்கச் சொன்னார் இன்னொருவர். நான் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று மூன்று வருஷமாக ஒவ்வொரு அறையிலும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் மீது கோபப்பட்டாலும், கடைசியில் அது அந்தக் காசு மேசையில் போய்த்தான் நிற்கிறது, காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்கும் அந்தப் பிள்ளையிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தேடி ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பொம்பளை யாரிடம் இடம் கேட்பது? தலாத்துஓயா தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். பத்து மணி நேரம் நின்றுவிட்டு, இந்தப் பாதையில் நின்றுகொண்டேதான் அக்கா வீட்டுக்குப் போயிருப்பார். எத்தனை வருஷம்! ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.

கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்ததும், சந்தியில் இருக்கும் சில்லறைக் கடையைக் காட்டினார்கள். உள்ளே அக்கா உயரமான ஒரு கதிரையில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் தாங்களே உள்ளே போய் சீனியையும் பருப்பையும் எடுத்துவந்து, அவருக்கு முன்னால் இருந்த தராசில் வைத்தார்கள். அவர் எழும்பவே இல்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவும் இல்லை. முதலாளியின் காதைப் பிடித்துக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு இடுப்பில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"எத்தன வருசமா?" என்றார்.

"மூனு வருசம் அக்கா. ஸ்கேன் எடுத்தேன்" என்று சொல்லி, பையைத் திறந்து உறையை வெளியே எடுத்தேன். எதற்காக அதைக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. ரத்தத்தில் ஊறிய பழக்கம், வேறென்ன.

"அத உள்ள வையி. ஒன்னுமில்லன்னு போட்டிருக்கும். எடது பக்கமா? குனியிறப்ப வருதா, நிமிர்றப்ப வருதா?"

மூன்று வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "அன்னைக்கி நான் செஞ்சது பெரிய தப்பு அக்கா" என்றேன்.

"ஆமா, தப்புத்தான்" என்றார். "ரெண்டு தரம் வாசிச்ச. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கோவம் இல்லன்னு ஒனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

தராசில் பருப்பை வைத்துவிட்டு நின்ற ஒரு பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா அவளுக்குப் பருப்பை நிறுத்துக் கொடுத்து அனுப்பினார். நான் அவருடைய மேசையில் ஒரு கையை ஊன்றி, வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றேன். என்னை அறியாமல் சிரித்தேன் போலிருக்கிறது. ஏனென்றால் அக்காவின் முகம் மாறியது. மேசைக்கு அடியில் காலை நீட்டி எதையோ இழுத்து என் பக்கம் தள்ளினார்.

"சிரிக்காத. கோவம் வேற, இடுப்பு வேற. மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தேன். நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல். நான்கு கால்களும் சமமாக இருந்தன.