சுவரில் வெள்ளைக் கோட்டு, வகுப்பில் இடமில்லை

வெர்லீன் காஸ்கின்ஸுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் புருஷன் லூத்தர் செத்து, சர்ச்சில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் "தூங்குற மாதிரியே இருக்காரு" என்று அழுதார்கள். வெர்லீன் குனிந்து பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "பவுடர் ஜாஸ்திடி. லூத்தர் இவ்வளவு வெளுப்பா எப்ப இருந்தாரு?" நான் சாவு வீட்டில் சிரித்துத் தொலைத்தேன். அப்படிப்பட்டவள்.

முப்பத்தொரு வருடம் இந்த ஜார்ஜியாச் செம்மண் ரோடுகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வண்டியை எடுப்பதற்கு முன் தலைகளை எண்ணுவாள். எண்ணி முடித்து மறுபடி எண்ணுவாள். ஒருமுறை ஒரு பிள்ளை இறங்காமல் வண்டிக்குள்ளேயே கிடந்துவிட்டதாகப் பள்ளிக்காரர்கள் இவள்மேல் பழி போட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தாளில் எழுதினாலும் கார்பன் வைத்து ஒரு நகல் தனக்கென்று எடுத்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்றதும் கல்லூரி விளையாட்டுத் துறை அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஆட்டக்காரப் பையன்கள் வகுப்புக்குப் போகிறார்களா என்று பார்க்கிற வேலை. கையில் பட்டியல், பேனா. கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். பையன் இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி, பக்கத்தில் தேதியும் நேரமும். ஒரு நாளைக்குப் பதினொரு கட்டடம். முட்டி வீங்கிப்போய் மதியம் என் சலவை அறைக்கு வந்து உட்காருவாள். நான் அங்கே ஃபுட்பால் அணியின் உடைகளைத் துவைக்கிறேன். நூற்றுப் பத்துப் பையன்களின் வேர்வை. வறுத்த கெளுத்தி மீனும் கொலார்ட் கீரையும் இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிடுவோம்.

ஒரு நாள் கேட்டாள். "ஓஸீ, உன் பசங்கள்ல பாதிப் பேரு ஒரே ரூமுலதான் உக்காந்திருக்காங்க, அது ஏன்?"

"என்ன ரூமு?"

"பொழுதுபோக்கு நிர்வாகமாம். ஒரு படிப்பு. இருபத்தேழு கறுப்புப் பசங்க. வாத்தியார் படம் போட்டுக் காட்டுறாரு, பாதிப் பேரு தூங்குறான். வெள்ளைக்காரக் கோல்ஃப் பசங்க எல்லாம் அறிவியல் கட்டடத்துல இருக்கானுங்க. அவனுங்களுக்கு மட்டும் பயிற்சிய காலையிலயே வச்சுடுறாங்களாம்."

எனக்கு அது புதிதில்லை. பதினெட்டு வருடமாகத் துவைக்கிறேன். என்னிடம் வந்து பெயர் சொன்ன பையன்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். முட்டி உடைந்து போனவர்கள்தான் அதிகம்.

அந்த வகுப்புப் பட்டியலில் ஒருவன் கெண்ட்ரெல் ஷிவர்ஸ். எழுபத்துநாலாம் எண் சட்டை, கதவை மறைக்கிற உடம்பு. தெற்கே ஒரு காட்டு ஊர்க்காரன். அவன் ஊரில் மருந்துக் கடை கிடையாது, நாற்பது மைல் போக வேண்டும். அப்பனுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை வேளைக்குக் கிடைக்காமல் ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். பையனுக்கு மருந்துக் கடைக்காரனாக வேண்டும், அதுவும் அந்த ஊரிலேயே. அதற்கு வேதியியல் படிக்க வேண்டும். படிப்பு ஆலோசகர் ப்ராண்ட்லி கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வேதியியலுக்கு மதியம் சோதனைக்கூடம் உண்டு, அது பயிற்சி நேரத்தில் வருகிறது, அவ்வளவுதான் காரணம்.

அக்டோபரில் கெண்ட்ரெல் பெயருக்கு நேராக இரண்டு பெருக்கல் குறி விழுந்தது. மூன்று விழுந்தால் விடியற்காலை மைதானப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். ஐந்து விழுந்தால் உதவித்தொகைக்கே ஆபத்து. வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. தேடிப் போனாள். அறிவியல் கட்டடத்தில், பெரிய வேதியியல் வகுப்பில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். வாத்தியாரம்மா சேர்க்கை இல்லாமலே உட்கார விட்டிருக்கிறார்.

மணி அடித்ததும் வாசலில் மறித்தாள். "உனக்கு ரூமு மாறிப்போச்சா, இல்ல புத்தி மாறிப்போச்சா?"

"மிஸ் வெர்லீன்... ப்ளீஸ். ரெண்டும் ஒரே நேரத்துல வருது."

"நான் உனக்குப் பெருக்கல் போட்டுட்டேன்."

"தெரியும் மேடம். படி ஏறிக்கிறேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். பரீட்சைத் தாள். தொண்ணூற்றொன்று.

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுற? நான் என்ன உன் அம்மாவா?"

"காட்ட வேற யாரும் இல்ல மேடம்."

வெர்லீன் உருகிவிடவில்லை. அடுத்த வாரமும் பெருக்கல் போட்டாள். ஆனால் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, யாரும் அதில் எழுதுவதில்லை. இவள் எழுதினாள்: "இந்த வகுப்பில் இல்லை. வேதியியல் வகுப்பில் இருக்கிறான். தூங்கவில்லை." ஒவ்வொரு முறையும் இதையே எழுதினாள்.

ப்ராண்ட்லி கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு அவள் பேரன் வயசு இருக்கும், ஆனாலும் ஒரு மிஸ் கூட இல்லாமல் வெறும் வெர்லீன் என்றுதான் கூப்பிடுவார்.

"வெர்லீன், அந்தக் கட்டத்துல எழுத வேணாமே. டிக்கோ பெருக்கலோ போதும்."

"கட்டம் போட்டுக் குடுத்தது நீங்கதான சார்?"

"அது சும்மா இருக்கு."

"நான் நாலு பெருக்கல் போட்ட ஒரு கோல்ஃப் பையன் தாள்ல இப்ப நாலு டிக் இருக்கே, அதுவும் சும்மாவா?"

ப்ராண்ட்லி எழுந்தார். கதவைத் திறந்துவிட்டார், அவள் வெளியே போவதற்கு.

இதற்கு நடுவில்தான் அந்தப் படம் வந்தது. துறைக்காரர்கள் ஒரு சுவரொட்டி அடித்தார்கள், புதிதாகச் சேர வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் காட்ட. "முதலில் மாணவன், பிறகு ஆட்டக்காரன்" என்று எழுத்து. படத்தில் யார்? கெண்ட்ரெல். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, கையில் நீலத் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய். எந்தச் சோதனைக்கூடத்துக்குள் அவனை விட மாட்டோம் என்றார்களோ அங்கேயே நிற்க வைத்து, இருபது நிமிடம் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு பயிற்சிக்குத் துரத்தியிருக்கிறார்கள். அந்தக் கோட்டு என்னிடம்தான் சலவைக்கு வந்தது. அதில் ஒரு கறைகூட இல்லை.

ஏப்ரலில் கடிதம் வந்தது. கெண்ட்ரெலுக்கு உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. காரணம், வகுப்புக்கு வராதது. சாட்சி, வெர்லீன் போட்ட பெருக்கல் குறிகள். குறிப்புக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டுத் தட்டச்சு செய்திருந்தார்கள். சலவை அறையில் அவளைப் பிடித்துக் கத்தினேன்.

"உன் கையாலதான்டி அவன் கழுத்த அறுத்திருக்காங்க! ஒரு டிக் போட்டா உன் கை ஒடிஞ்சா போயிரும்?"

"காலி நாற்காலிக்கு நான் டிக் போட மாட்டேன்."

"அவங்க போடுறாங்களே!"

"அதான் அவங்களும் நானும் ஒண்ணா சாப்பிடுறதில்ல."

"வாயப் பாரு. அந்தப் பையன் ஊருக்குத் திரும்பிப் போய்க் கோழிப் பண்ணையில நிக்கட்டும், நீ உன் நேர்மைய வறுத்துத் தின்னு."

அன்றைக்கு மீனைத் தொடாமல் எழுந்து போனாள். நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவள் செய்ததும் தப்பில்லை. இரண்டு நேர்மையான கிழவிகளைச் சண்டை போட வைத்துவிட்டு, துறைக்காரர்கள் குளிர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உதவித்தொகை போனால் முறையீடு செய்யலாம். விளையாட்டுத் துறைக்கு வெளியே ஐந்து பேர் கொண்ட குழு விசாரிக்கும். கோச்சை எதிர்த்து யாரும் போவதில்லை. கெண்ட்ரெல் போனான். அவன் கேட்காமலே வெர்லீனும் போனாள். நானும் துணிகளை அப்படியே போட்டுவிட்டு அவளோடு போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சர்ச்சுக்குப் போடுகிற நீலத் தொப்பியைப் போட்டிருந்தாள். ஒரு கையில் கார்பன் நகல்கள், இன்னொரு கையில் சுருட்டிய சுவரொட்டி.

ப்ராண்ட்லி தட்டச்சுத் தாளைப் படித்தார். ஒன்பது முறை வரவில்லை என்றார்.

குழுத் தலைவரம்மா கேட்டார். "மிஸஸ் காஸ்கின்ஸ், இது நீங்க குறிச்சதுதானே?"

"பாதிதாம்மா. மீதிய அவரு தின்னுட்டாரு." நகல்களை மேசையில் வைத்தாள். "மொத ரெண்டு போக, மீதி ஏழு நாளும் அவன் எங்க இருந்தான்னு எழுதியிருக்கேன். அந்த வாத்தியாரம்மாவக் கேளுங்க. இந்தா, கோல்ஃப் பையனோட தாளும் இருக்கு. நான் போட்டது ஒண்ணு, ஆபீஸ்ல இருக்கறது வேற."

"இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்ல" என்றார் ப்ராண்ட்லி.

"அப்ப இது?" சுவரொட்டியை விரித்தாள். "இவன அந்த ரூமுக்குள்ள விட மாட்டேன்னு சொன்னவரு நீங்க. அதே ரூமுல நிக்க வச்சு ஊருக்கெல்லாம் காட்டுனதும் நீங்க. இவன் அங்க படிக்கிறானா, இல்லையா? ஒரு பதில் சொல்லுங்க. நான் குறிச்சுக்கறேன்." பேனாவை நிஜமாகவே திறந்தாள்.

ப்ராண்ட்லி தட்டச்சுத் தாளை மறுபடி புரட்டினார். கெண்ட்ரெல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின.

உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. வேதியியலில் சேர்க்கச் சொல்லி உத்தரவும் போட்டார்கள். வாரம் முடிவதற்குள் கோச் அவனை அணியிலிருந்து எடுத்தார். எழுபத்துநாலாம் சட்டையைத் துவைத்து மடித்தேன், இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். படிக்கலாம், ஆடலாம், இரண்டும் கூடாது. கோல்ஃப் பையன்களுக்கு இரண்டும் உண்டு. ப்ராண்ட்லிக்குப் பெரிய அறை கிடைத்தது. ஆகஸ்டில் வெர்லீனை வேலைக்குக் கூப்பிடவில்லை. கடிதம்கூட இல்லை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

தன் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை வந்தாள். நீண்ட நடைவழியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அணியிலிருந்து துரத்தியவனை, சுவரிலிருந்து இறக்க மனமில்லை. வெர்லீன் அதன் முன் நின்றாள். கைப்பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்தாள். கண்ணாடி மேல் பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் தேதி, நேரம்.

"என்னடி பண்ற?"

"இந்தப் படம் எடுத்தன்னிக்கு அந்தச் சோதனைக்கூட வகுப்புல அவன் இல்லையே. குறிக்க விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, வீங்கிய முட்டியோடு வாசலைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் ப்ராண்ட்லி சலவை அறைக்கு வந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துவிடச் சொன்னார். என் வேலை துணி துவைப்பது என்றேன்.