நானூறு கெஜத்தில் ஒரு பன்றி

துப்பாக்கிக் கடைக்குத் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். துப்பாக்கியைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்காகத்தான் நாங்கள் நாற்காலி போட்டு வைத்திருந்தோம். ஜவுளிக் கடையில் நின்று நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டியவர்களுக்கு என் பாடு புரியும். அங்கே மடித்து வைத்தால் போதும். இங்கே வந்தவர் போனவர் கைபட்ட இரும்பையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்த காலத்தில் நாகர்கோவிலில் அப்படி ஒரு 'தோக்கு'க் கடையில் நான் கவுண்டரில் நின்றேன். தெருவில், நம் ஊர் மதராஸோடு சேருமா என்று தர்க்கம் நடக்கும். கடைக்குள், எந்தத் தோட்டா வேகமாகப் போகும் என்று நடக்கும். இரண்டும் சாயங்காலம்வரை முடியாது.

மரம் மறைக்கிறது

ஞானசிகாமணி அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேனேஜர். நல்ல மனிதர். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும் கேட்டலாக்குகளை ஒரு வரி விடாமல் படிப்பார் என்பதுதான் குறை. நானூறு கெஜத்தில் நிற்கிற மிளா மானை விழவைக்க ஒரு ரைஃபிள் வேண்டும் என்றார். நான் 'டூ செவன்டி'யை எடுத்து வைத்தேன். குண்டு மெலிசு, வேகம் அதிகம், அதனால் தூரத்திலும் அவ்வளவாகத் தாழாமல் கோடு போட்டதுபோல் போகும், மேலே டெலஸ்கோப்பும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மனிதர் சொக்கிப்போனார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எஸ்டேட்டில் நின்றால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று சும்மா கேட்டுவைத்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஐம்பது கெஜம் தெரியலாம், காட்டோரத்தில் அதுவும் இல்லை என்றார் அவர். கல்லாவில் இருந்த முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், நாளைக்கு வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மேனேஜர் ரைஃபிளைத் தடவிக்கொண்டே என்னைக் காப்பாற்றினார்: "மரத்தைப் பொறவு வெட்டிக்கிடலாம் ஓய். மொதல்ல தோக்கு நல்லா அமையணும்."

தம்பியின் தோள்

குழித்துறை மாதவன் தம்பி ('தம்பி' என்பது குடும்பப் பட்டம்) பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். வேகமாவது ஒன்றாவது, கனம்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. யானை வேட்டைக்கென்றே செய்த 'த்ரீ செவன்டி ஃபைவ் மேக்னம்' வாங்கினார். அதன் தோட்டா ஒரு ஆளின் நடுவிரல் நீளம் இருக்கும். யானையைச் சுடும் உத்தேசமோ அனுமதியோ அவருக்குக் கிடையாது. வாழைத்தோப்புக்கு வரும் முள்ளம்பன்றிதான் அவருடைய விரோதி.

வாங்கிய மறுவாரம் வலது கையைத் தூளியில் கட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். சுட்டபோது பின்னால் உதைத்த உதையில் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டதாம். துப்பாக்கியைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். அவர் முகத்திலோ பெருமை தாங்கவில்லை. "பிடிச்ச எனக்கே இப்படின்னா, எதிர்ல நிக்கிறவன் கதியை நெனச்சுப் பாரும்."

கணவாய்க் காற்று

தம்பி தூளியை அவிழ்த்த பிறகு இந்த இருவரும் ஒருநாள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்துவிட்டார்கள். வேகமா, கனமா என்று பேச்சு தடித்தது. இரண்டு வாடிக்கையாளரையும் இழக்கப் பயந்த முதலாளி, சுட்டே பார்த்துவிடலாம் என்றார். நானூறு கெஜம் தடையில்லாமல் தெரிய வேண்டுமே. அதற்காக ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஒரு மொட்டைப் பாறை அடிவாரத்துக்குப் போனோம். சுண்ணாம்படித்த மண்பானை ஒன்றை நான் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனி மாதம். கணவாய்க் காற்று வேட்டியை உருவிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. மேனேஜரின் மெலிந்த குண்டுகளை அது பக்கத்தில் தள்ளியது. தம்பியின் கனத்த குண்டுகள் பானைக்கு முன்னாலேயே தாழ்ந்து மண்ணைக் கிளப்பின. தோட்டாக்கள் தீர்ந்தன. பானை வெள்ளை வெளேரென்று அப்படியே உட்கார்ந்திருந்தது. திரும்பும் வழியில் தோவாளை தாண்டியதும் மேனேஜர்தான் ஆரம்பித்தார்: "குண்டு நேராத்தான் போச்சு ஓய். காத்துதான் கோணலா அடிச்சுது."

மரச்சீனி விளை

எஸ்டேட்டை ஒட்டி செல்லையன் என்பவருக்குக் கொஞ்சம் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம், இருந்தது. வீட்டில் ஏழு வயிறு அதை நம்பித்தான். ஒற்றைக் காட்டுப்பன்றி ஒன்று வந்து கிழங்கையெல்லாம் தோண்டிப் போட்டது. விரட்டப் போன செல்லையனையும் தூக்கி எறிந்ததில் அவர் நொண்டிக்கொண்டு வந்து மேனேஜரிடம் முறையிட்டார். மேனேஜர், தம்பிக்கும் ஆள் அனுப்பினார். உதவிக்கல்ல, பானை விஷயம் இன்னும் தீரவில்லை. தோட்டாப் பெட்டியோடு முதலாளி என்னையும் அனுப்பினார்.

விடிந்து வெயில் வந்த பிறகு, மேட்டில் நின்று தூரத்துக் காட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்றி எங்களுக்குப் பின்னால் மரச்சீனிக்குள்ளிருந்து வந்தது. பத்தடி தூரம்தான் இருக்கும். மேனேஜர் திரும்பி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெறும் கறுப்பு மயிர்தான் தெரிந்ததாம். சுடுவதற்குள் அது அவர் தொடையைக் கிழித்துக் கீழே தள்ளிவிட்டது. நான் தோட்டாப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி சுட்டால் குண்டு பன்றியைத் துளைத்து மேனேஜருக்குள்ளும் போகும். அதனால் தம்பி தன் ரைஃபிளைத் திருப்பிக் குழலைப் பிடித்து, முழுசாய் ஆறாத அந்தத் தோளோடு, பின்பக்க மரக்கட்டையால் அதன் மூக்கில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கட்டை பிளந்தது. பன்றி காட்டுக்குள் ஓடியது. தம்பி தன் வேட்டியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டி, ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தக் கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

தையல் போட்டு, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். மேனேஜர் வெளிறிப்போய்க் கிடந்தார். தம்பியைப் பார்த்து மெதுவாக ஒப்புக்கொண்டார்: "அடிக்கதுக்கு உம்ம தோக்குதான் ஓய் நல்லது."

புதிய கிராக்கி

பன்றி அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. செல்லையன் மிச்சக் கிழங்கைப் பிடுங்கிவிட்டார். செய்தி மட்டும் குலசேகரம், பேச்சிப்பாறை என்று பரவியது. அடுத்த மாதமே ஒரு மிளகுத் தோட்டக்காரர் கடைக்கு வந்து, பன்றியை ஓட்டின அந்தத் தோக்கு வேண்டும் என்றார். நான் வழக்கம்போல் குண்டின் வேகம், தூரம் என்று தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. ரைஃபிளைத் தலைகீழாகப் பிடித்து, கனம் பார்த்து, காற்றில் ஒரு வீசு வீசினார். கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை தோட்டா எடுக்கட்டும் என்று கேட்டேன். "தோட்டா அவசரமில்ல. கட்டை ஒடையாததா ஒண்ணு காட்டும்."

வேகத்தையும் தூரத்தையும் விற்றுத்தான் என் குடும்பம் சாப்பிட்டது என்றாலும், எங்கள் காட்டு மிருகங்கள் கடைசிவரை பத்தடிக்குள் வந்துதான் பழகின.